மூடியதை யார் பார்த்தது? ஃபயர் டேம்பர், ஸ்மோக் டேம்பர் சோதனையின் பின்னணி

பெரிய கட்டடங்களில் 2 மணி நேரம் தீயைத் தாங்கும் என்று சான்று பெற்ற சுவர்கள் இருக்கும். ஓர் இடத்தில் பற்றிய தீ தளம் முழுக்கப் பரவிவிடாமல், கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பது அவற்றின் வேலை. அந்தச் சுவரைக் கட்டி முடித்த கையோடு ஏசி வேலைக்காரர்கள் வந்து அதில் ஓர் ஓட்டை போடுவார்கள். தப்பில்லை, டக்ட் போக வழி வேண்டுமே. ஆனால் ஒரு மீட்டர் அகலத் தகரக் குழாய் நுழைந்த பிறகு சுவரின் 2 மணி நேரக் கணக்கு அந்த இடத்தில் செல்லாது. மெல்லிய தகரம் சூட்டில் சீக்கிரமே நெளிந்து தொங்கிவிடும். அதற்கு முன்பே குழாய் வழியாகப் புகை அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஃபயர் டேம்பர். சாதாரண நாட்களில் திறந்தே கிடந்து காற்றை விடும் இரும்புத் தடுப்பு அது. தீ வந்தால் மூடிக்கொள்ளும். சுவரில் வெட்டி எடுத்த பகுதியின் இடத்தில் அது நிற்கும்.

தீப் பாதுகாப்புச் சாதனங்களிலேயே யார் கண்ணிலும் படாதது இதுதான். ஸ்பிரிங்க்ளரை நிமிர்ந்து பார்த்தால் தெரியும். அலாரம் அவ்வப்போது அலறி, தான் இருப்பதைச் சொல்லிவிடும். தீக்கதவை தினமும் நூறு பேர் திறந்து மூடுகிறார்கள். கீல் போனால் அன்றைக்கே யாராவது திட்டுவார்கள். டேம்பரோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, டக்ட்டுக்குள்ளே, இன்சுலேஷனுக்குப் பின்னால் இருக்கிறது. இருபது வருடம் அசையாமல் கிடந்துவிட்டு இருபத்தொன்றாம் வருடம் ஒரே ஒரு தடவை மூட வேண்டும். அது கெட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாது. நல்ல டேம்பரும் கெட்ட டேம்பரும் மற்ற நாட்களில் ஒரே மாதிரிதான்: திறந்திருக்கும், காற்று வரும், அறை குளிரும். புகார் எழவே எழாது.

அதனால்தான் சோதனைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது மூடியதைக் கடைசியாக யார் கண்ணால் பார்த்தது?” என்பது. பல கட்டடங்களில் இதற்குப் பதில் ‘யாருமில்லை’.

புகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம், 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகஸ் நகரின் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் நடந்த தீ விபத்து. தீ பிடித்தது கீழே, சூதாட்டக் கூடத்தின் தளத்தில் இருந்த ஓர் உணவகத்தில். எரிந்ததும் பெரும்பாலும் அந்தத் தளம்தான். ஆனால் இறந்த 85 பேரில் பலர் இருந்தது மேல் மாடிகளில். தீ அவர்கள் அருகில் போகவே இல்லை. படிக்கட்டு, லிஃப்ட் ஷாஃப்ட், கட்டடத்தின் பகுதிகளுக்கு நடுவே நிலநடுக்கத்துக்காக விட்ட இடைவெளி, ஏசியின் காற்றுவழிகள் என்று கிடைத்த பாதையிலெல்லாம் புகை ஏறிப்போய் அவர்களைக் கொன்றது. டக்ட்டில் இருந்த டேம்பர்களும் புகையைத் தடுக்கவில்லை. அமெரிக்காவில் ஓட்டல்களுக்கான தீப் பாதுகாப்பு விதிகள் இறுகியதற்கு அந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

சரி, டேம்பர் எப்படி வேலை செய்கிறது? இது தெரியாமல் சோதனையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஃபயர் டேம்பரின் பழைய, எளிய வடிவம் திரை வகை. கடைகளின் ஷட்டர் போலச் சின்னச் சின்னப் பட்டைகள் மடிந்து மேலே ஒடுங்கியிருக்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ஃபியூசிபிள் லிங்க் என்ற சின்னத் துண்டு. இரண்டு தகடுகளைக் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையால் பற்றவைத்திருப்பார்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் போன்றவை கலந்தால் தனித்தனியே அவை உருகும் சூட்டைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே உருகும் என்ற பழைய உலோகவியல்தான் இதற்கு அடிப்படை. அமெரிக்க வழக்கில் பொதுவாக 74 டிகிரி செல்சியஸ், ஐரோப்பிய வழக்கில் 72. அந்தச் சூடு வந்ததும் லிங்க் பிரியும், பட்டைகள் தம் எடையாலோ ஸ்பிரிங் இழுத்தோ கீழே விழும். மின்சாரமும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம். இன்னொரு வகையில் சன்னல் ஜில்மில் போலத் தட்டுகள் வரிசையாக அச்சில் திரும்பி மூடும். ஐரோப்பாவில் தடித்த ஒரே பலகை திரும்பி மூடும் வகையை அதிகம் பார்க்கலாம்.

லிங்க் சூட்டுக்காகக் காத்திருப்பதுதான் இதன் குறை. தீ இருக்கும் இடத்திலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளிப் போன புகை வழியிலேயே ஆறிவிடுகிறது. 45 டிகிரியில் வரும் புகை லிங்க்கை ஒன்றும் செய்யாது, மூச்சு விடும் மனிதரைச் செய்யும். தவிர, திரை வகை டேம்பர் மூடினாலும் பட்டைகளுக்கு நடுவே புகை கசியும். இதற்காகத்தான் ஸ்மோக் டேம்பர் தனியாக வந்தது. இது சூட்டுக்குக் காத்திராது. டக்ட்டில் உள்ள புகை டிடெக்டரோ ஃபயர் அலாரம் பேனலோ சொன்னதும் மின்சாரத்திலோ அழுத்தக் காற்றிலோ இயங்கும் ஆக்சுவேட்டர் அதை மூடிவிடும். கசிவை அளந்து தரம் பிரிப்பார்கள். அமெரிக்காவின் யூஎல் என்ற சோதனை நிறுவனம் ஸ்மோக் டேம்பருக்கு வகுத்த யூஎல் 555எஸ் தரநிலைப்படி முதல் வகுப்பு டேம்பர், ஓர் அங்குல உயர நீர் தரும் அழுத்தத்தில், ஒரு சதுர அடிப் பரப்புக்கு நிமிடத்துக்கு 4 கன அடிக்கு மேல் கசியக்கூடாது. இரண்டாம் வகுப்புக்கு 10 கன அடி. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் கூட்டு டேம்பர்கள்தான் இப்போது பெரிய கட்டடங்களில் நிறைய.

இதில் குழம்பக்கூடாத ஓர் எதிர்மறை உண்டு. புகையை வெளியேற்றும் குழாய்களில் உள்ள டேம்பர்கள் தீயின்போது திறக்க வேண்டியவை. எல்லா டேம்பரும் மூடினால் சோதனை வெற்றி என்று எழுதிக்கொண்டு போகிறவர் அங்கே தலைகீழாக எழுதிவிடுவார். எந்த டேம்பர் எந்தச் சூழ்நிலையில் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்ற அட்டவணை கையில் இல்லாமல் சோதனையைத் தொடங்கக் கூடாது.

ஆய்வுக்கூடமும் சுவரும்

டேம்பரின் மேல் ஒட்டியிருக்கும் சான்று லேபிளைப் பார்த்ததும் பலருக்கு நிம்மதி வந்துவிடும். அந்த லேபிள் எதற்குச் சான்று என்று பார்க்க வேண்டும். ஃபயர் டேம்பருக்கான யூஎல் 555 சோதனையில் டேம்பரை ஒரு மாதிரிச் சுவரில் பொருத்தி, உலையில் சுடுவார்கள். சுட்ட சூட்டோடு தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். அதிலும் இடத்தை விட்டு விழாமல் நின்றால்தான் தேர்ச்சி. தூசி படியவைத்தும், உப்புத் தூவலில் வைத்தும் மூடிப் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் இஎன் 1366-2 என்ற சோதனையும் இஎன் 15650 என்ற பொருள் தரநிலையும் இருக்கின்றன. எல்லாமே ஒரு குறிப்பிட்ட முறையில் பொருத்திய டேம்பருக்கானவை. சுவரில் வேறு விதமாகப் பொருத்தினால் லேபிள் அதே லேபிள்தான், டேம்பர் மட்டும் சோதிக்கப்பட்ட டேம்பர் அல்ல.

பொருத்தும் விஷயத்தில் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தோன்றுவது, டேம்பரைச் சுற்றியுள்ள இடைவெளி. இரும்பு சுட்டால் விரியும். அமெரிக்க வழக்கில் டேம்பரின் உறையான ஸ்லீவுக்கும் சுவருக்கும் நடுவே அகலத்தின் ஒவ்வோர் அடிக்கும் எட்டில் ஓர் அங்குலம் வீதம் வெற்று இடம் விடுவது பழைய கணக்கு. அந்த இடத்தை எல் வடிவப் பட்டைகளால் சுவரின் மேல் ஓர் அங்குலம் ஏறுமாறு மறைப்பார்கள். நல்லெண்ணத்தில் யாராவது அதில் தீத்தடுப்பு சீலண்ட்டை அடைத்துவிட்டால் அது தவறாகப் போய்விடும். தயாரிப்பாளர் அப்படிச் சோதித்துக் காட்டியிருந்தால் ஒழிய, விரிய இடமில்லாத சட்டம் வளைந்து தட்டுகள் பாதியில் சிக்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய டேம்பர்களில் கதையே வேறு. அங்கே சுற்றியுள்ள இடைவெளியைக் காரையாலோ, சோதிக்கப்பட்ட வேறு பொருளாலோ முழுக்க அடைக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பொருத்து முறைகள். ஒன்றில் அடைத்தால் குற்றம், இன்னொன்றில் அடைக்காவிட்டால் குற்றம். இரண்டு சந்தைப் பொருளும் ஒரே கட்டடத்தில் இருந்தால் சோதிப்பவர் பாடு திண்டாட்டம்தான். பொது அறிவு இங்கே உதவாது. அந்த மாடலின் பொருத்தும் கையேடு ஒன்றுதான் நியாயம் சொல்லும்.

டக்ட்டும் ஸ்லீவும் சேரும் இடத்திலும் இதே போன்ற நுணுக்கம் உண்டு. தீயில் டக்ட் இடிந்து விழும்போது டேம்பரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அதனால் அந்த இணைப்பு எளிதாகப் பிரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். நன்றாக இருக்கட்டுமே என்று பத்து ஸ்குரு கூடுதலாகப் போட்டு இறுக்கியவர் டேம்பரின் விதியை டக்ட்டோடு கட்டிவிட்டார். மூடிய தட்டு சுவரின் தடிமனுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி டக்ட்டில் தொங்கும் டேம்பர் எவ்வளவு அழகாக மூடினாலும் சுவரின் ஓட்டை திறந்தேதான் இருக்கிறது.

காற்றோட்டமும் ஒரு கேள்வி. தீ வந்ததும் ஃபேன் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை நிலைக்காற்று டேம்பர்கள். ஃபேன் ஓடும்போதே மூட வேண்டியவை இயங்குகாற்று டேம்பர்கள். இவை குறைந்தபட்சம் நிமிடத்துக்கு 2,000 அடி, அதாவது நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகக் காற்றில் மூடிக்காட்டிச் சான்று பெற்றவை. நிலைக்காற்று டேம்பரை, புகையை வெளியேற்ற ஃபேனை ஓடவைக்கும் அமைப்பில் மாட்டியிருந்தால் பட்டைகள் காற்றில் சாய்ந்து தடத்தில் சிக்கி நிற்கும் அபாயம் உண்டு. ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யும் சோதனையில் இது தெரியவே தெரியாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை

அமெரிக்காவில் என்எஃப்பிஏ என்ற தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த விதிகள்தான் வழக்கு: ஃபயர் டேம்பருக்கு என்எஃப்பிஏ 80, ஸ்மோக் டேம்பருக்கு என்எஃப்பிஏ 105. பொருத்தியதும் ஒரு சோதனை, ஒரு வருடம் கழித்து ஒன்று, அப்புறம் 4 வருடத்துக்கு ஒரு முறை. மருத்துவமனைகளுக்கு மட்டும் 6 வருடம். மருத்துவமனைக்கு ஏன் சலுகை என்று முதலில் வியப்பாக இருக்கும். ஆபத்து அங்கேதானே அதிகம்? ஆனால் அங்கே டேம்பர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். நோயாளிகள் இருக்கும் இடத்தில் சீலிங்கைத் திறந்தால் பல வருடத் தூசி கீழே கொட்டும், அதுவே தொற்றுக்கு வழி. அறுவை அரங்குகளிலும் தனிமை அறைகளிலும் காற்றழுத்தம் ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். டேம்பரை மூடினால் அது கலைந்துவிடும்.

ஐரோப்பாவில் இடைவெளி இன்னும் குறுகியது. ஜெர்மனி வழக்கப்படி 6 மாதத்துக்கு ஒரு முறை இயக்கிப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் குறை எதுவும் இல்லையென்றால் வருடத்துக்கு ஒன்றாகத் தளர்த்திக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஒழுங்காக இருக்கும் கட்டடத்துக்குச் சலுகை, சொதப்பும் கட்டடத்தின் மேல் கண். பிரிட்டனின் பிஎஸ் 9999 என்ற தரநிலை ஸ்பிரிங்கில் இயங்கும் டேம்பர்களை வருடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறது, தூசி மிகுந்த இடங்களில் அதைவிட அடிக்கடி.

4 வருடமா 6 மாதமா என்பதில் டேம்பரின் வகைக்கும் பங்கு உண்டு. ஸ்பிரிங் ஆக்சுவேட்டர் உள்ள டேம்பர் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மோட்டார் மின்சாரத்தைத் தின்று, ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போனால் ஸ்பிரிங் விடுபட்டு மூடும், அதுதான் பாதுகாப்பு. ஆனால் வருடக்கணக்கில் இறுகிய நிலையிலேயே இருக்கும் ஸ்பிரிங்கும், இளஞ்சூட்டிலேயே கிடக்கும் மோட்டாரும் ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவற்றை அவ்வப்போது ஒரு முறை மூடித் திறப்பதே நல்ல பராமரிப்பு. லிங்க்கில் தொங்கும் திரை வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்குத் துருவும் தூசியும்தான் எதிரி.

ஏணியின் மேலே

சோதனை நாளன்று உண்மையில் நேரத்தைத் தின்பது டேம்பரைக் கண்டுபிடிப்பது. வரைபடத்தில் இருக்கும் இடத்தில் டேம்பர் இருக்காது. டேம்பர் இருக்கும் இடம் வரைபடத்தில் இருக்காது. சுவரை இடம் மாற்றிக் கட்டியிருப்பார்கள், டேம்பர் மட்டும் பழைய சுவர் இருந்த கோட்டில் அநாதையாக நிற்கும். புதுச் சுவரில் வெறும் டக்ட் மட்டும் போகும். அப்படிப் பார்த்தால் சோதனையின் முதல் பாதி கணக்கெடுப்புதான். தீத்தடுப்புச் சுவர்களின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுவரையும் டக்ட் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் பார்க்க வேண்டும். டேம்பர் பட்டியலை மட்டும் வைத்துச் சோதித்தால், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத டேம்பர் கடைசிவரை தெரியாது.

அடுத்த தொல்லை ஆக்சஸ் டோர். டக்ட்டின் பக்கவாட்டில், கையையும் தலையையும் விட்டுப் பார்க்க வழிசெய்யும் சின்னக் கதவு இது. விதிப்படி எல்லா டேம்பருக்கும் இருக்க வேண்டும். இல்லாமலும் இருக்கும், இருந்தாலும் அதை ஒட்டியே கேபிள் டிரேயோ தண்ணீர்க் குழாயோ ஓடும், எதுவும் ஓடாவிட்டால் கதவு லிங்க் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். ஆக்சஸ் டோர் இல்லாத டேம்பர் சோதிக்கப்படாத டேம்பர். “அணுக முடியவில்லை” என்று அறிக்கையில் எழுதிவிட்டு அடுத்த வருடமும் அதையே எழுதுவது பழகிப்போன ஏமாற்று. கதவு வெட்டுவது ஒரு நாள் வேலை. அதை அறிக்கையில் குறையாகவே எழுத வேண்டும்.

மூடிப் பார்ப்பதற்கு முன் இரண்டு காரியம். ஃபயர் அலாரம் பேனலைக் கவனிப்பவருக்கும் ஏசி ஓட்டுபவருக்கும் தகவல் சொல்ல வேண்டும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மை டக்ட்டின் டேம்பரை மூடினால் அழுத்தம் ஏறி டக்ட் உப்பிப் பிளக்கலாம். உறிஞ்சும் பக்கம் என்றால் காலி டப்பாவை மிதித்தது போல நசுங்கிவிடும். இரண்டாவது, விரல். திரை வகை டேம்பரின் பட்டைகள் விழும் வேகத்தில் விரலை வெட்டும், ஸ்பிரிங் இழுப்பவை இன்னும் மோசம். பட்டைகள் விழும் பாதையில் கையை வைத்துக்கொண்டு யாரும் லிங்க்கைக் கழற்றக்கூடாது. ஒரு கொக்கியாலோ கயிற்றாலோ பிடித்துக்கொண்டு கழற்றி, கையை வெளியே எடுத்த பிறகுதான் விட வேண்டும்.

விழுந்த பிறகு வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பட்டை அடித்தடத்தில் முழுக்க உட்கார்ந்ததா? தாழ்ப்பாள் உள்ள வகை என்றால் அது விழுந்து பூட்டியதா? ஒரு விரல் அகலம் இடைவெளி நின்றாலும் அது தோல்விதான். கையால் ஒரு தள்ளு தள்ளினால் சரியாக உட்கார்ந்துவிடும், தேர்ச்சி என்று எழுதிவிடலாம் என்ற சபலம் அப்போது வரும். தீ வரும்போது தள்ளிவிட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஏன் உட்காரவில்லை என்று தேடினால் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை, கொஞ்சம் அபத்தமும்கூட. கட்டும்போது சிந்திய காரை அடித்தடத்தில் கல்லாகியிருக்கும். டக்ட்டை இணைக்கப் போட்ட ஸ்குருவின் முனை பட்டைகளின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது கட்டியிருந்த பட்டையை யாரும் அவிழ்த்திருக்க மாட்டார்கள். யாரோ எலக்ட்ரீஷியன் சுருக்கு வழி என்று நெட்வொர்க் கேபிளை டேம்பருக்கு உள்ளேயே விட்டிருப்பார். எல்லாவற்றிலும் மோசமானது, லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டுக்கம்பி. டக்ட் வேலை நடக்கும்போது லிங்க் அறுந்திருக்கும், தற்காலிகமாகக் கம்பியால் கட்டியிருப்பார்கள், தற்காலிகம் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். 74 டிகிரியில் உருக வேண்டிய இடத்தில் 1,400 டிகிரிக்கு மேல் உருகும் இரும்பு.

லிங்க்கையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதன்மேல் பெயின்ட் பட்டிருந்தாலோ, அழுக்குத் திரண்டிருந்தாலோ, வளைந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது அதே அளவு, அதே வெப்பநிலை, அதே சுமைத் தாங்கல் உள்ளதையே போட வேண்டும். கையில் கிடைத்த அதிக டிகிரி லிங்க்கைப் போட்டால் மூடுவது தாமதமாகும். குறைந்த டிகிரியைப் போட்டால் சூடான காற்று போகும் டக்ட்டில் ஒரு நாள் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும். அடுத்து வருகிறவர் எரிச்சலில் கம்பியால் கட்டிவிட்டுப் போவார்.

மசகு விஷயத்திலும் பழக்கம் காலை வாரும். சிக்கிக்கொண்ட தட்டைப் பார்த்ததும் எண்ணெய் விடத் தோன்றும். எண்ணெயும் கிரீஸும் தூசியைப் பிடித்து இன்னும் இறுக்கிவிடும். தயாரிப்பாளர் மசகு கேட்டிருந்தால் மட்டும், அதுவும் உலர் மசகு. சமையலறைப் புகைபோக்கி டக்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படியும் என்பதால்தான், அதற்கென்றே சோதித்துச் சான்று பெற்றதைத் தவிர வேறு டேம்பரே அங்கே கூடாது என்று என்எஃப்பிஏ 96 சொல்கிறது.

ஆக்சுவேட்டர் உள்ளவற்றில் சோதனை வேறு மாதிரி. லிங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை; டிடெக்டருக்குள் சோதனைப் புகை விட்டோ, பேனலிலிருந்து கட்டளை கொடுத்தோ, மின்சாரத்தைத் துண்டித்தோ மூடவைப்பார்கள். மூன்றும் ஒன்றல்ல. மின்சாரத்தைத் துண்டித்தால் ஸ்பிரிங் வேலை செய்கிறதா என்று மட்டும் தெரியும். இந்த டிடெக்டர் சொன்னால் இந்த டேம்பர்தான் மூடுகிறதா, வயரிங்கில் குழம்பி அடுத்த தளத்து டேம்பர் மூடுகிறதா என்பது புகையில் தொடங்கும் சோதனையில்தான் வெளிவரும். மூட எத்தனை நொடி ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். யூஎல் 555எஸ் 75 நொடிக்குள் என்கிறது. போன முறை 20 நொடியில் மூடியது இந்த முறை 50 நொடி எடுத்தால் வரம்புக்குள் இருந்தாலும் ஆக்சுவேட்டர் தளர்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஓர் ஆசை வார்த்தை அடிக்கடி காதில் விழும்: “எல்லாம் பிஎம்எஸ் திரையிலேயே தெரிகிறது, ஏன் ஏணி ஏற வேண்டும்?” பிஎம்எஸ் என்பது கட்டடத்தின் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் கணினி அமைப்பு. நியாயமான கேள்விதான். டேம்பரில் லிமிட் சுவிட்ச் இருக்கும், முழுக்கத் திறந்ததையும் முழுக்க மூடியதையும் அது திரைக்குச் சொல்லும். நிலையைக் காட்டும் வசதி உள்ள டேம்பர்களைத் தொலைவிலிருந்தே இயக்கிச் சோதிக்க இப்போது விதிகளும் இடம் தருகின்றன. ஆனால் அந்தச் சுவிட்ச் எங்கே பொருத்தியிருக்கிறது என்று கேளுங்கள். தட்டிலேயே என்றால் நம்பலாம். ஆக்சுவேட்டருக்கு உள்ளே என்றால், அது மோட்டார் திரும்பியதைத்தான் சொல்கிறது. மோட்டாரையும் அச்சையும் இணைக்கும் கிளாம்ப் நழுவியிருந்தால் மோட்டார் திரும்பும், தட்டு அசையாது, திரையில் ‘மூடியது’ என்று பச்சை விளக்கு எரியும். தொலைவிலிருந்து வாராவாரம் ஓட்டிப் பார்ப்பதில் நன்மை நிறைய இருக்கிறது, ஆக்சுவேட்டர் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது ஒன்றே போதும். ஆனால் கேபிள் குறுக்கே போவதையும், டேம்பரைச் சுற்றிய அடைப்பு விழுந்துவிட்டதையும் திரை காட்டாது. தொலைச் சோதனையை ஏணிக்கு நடுவே வரும் உபரியாக வைத்துக்கொள்வதுதான் சரி என்பேன்.

அறிக்கையைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு டேம்பருக்கும் எண், இடம், தேதி, சோதித்தவர், கண்ட குறை, எடுத்த நடவடிக்கை, திறந்த நிலை, மூடிய நிலை இரண்டுக்கும் படம். இவ்வளவு இருந்தால்தான் அடுத்த சுற்றில் ஒப்பிட முடியும். என்எஃப்பிஏ 80 பதிவுகளை மூன்று சோதனைச் சுற்றுகளுக்கு வைத்திருக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இருநூறு டேம்பர் உள்ள பழைய கட்டடத்தில் எல்லாமே தேர்ச்சி, அணுக முடியாதது ஒன்றுகூட இல்லை என்று ஓர் அறிக்கை வந்தால், நான் முதலில் படங்களைத்தான் பார்ப்பேன். ஒரே டேம்பரை ஐந்து கோணத்தில் எடுத்து ஐந்து எண் போடுவது புதிய தந்திரம் இல்லை. எண் எழுதிய ஸ்டிக்கர் படத்திலேயே தெரிய வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது.

குறை கண்ட டேம்பரைச் சரிசெய்த பிறகு அதை மறுபடியும் விழவைத்துப் பார்க்க வேண்டும். ஸ்குருவை வெட்டிவிட்டோம், இனி சரியாகத்தான் இருக்கும் என்ற ஊகத்துக்கு இடமில்லை.

கடைசியாக, மறுபடியும் திறப்பது. சோதனையால் வரும் கெடுதல்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் நடக்கிறது. விழுந்த பட்டைகளை ஏணியின் மேல் ஒற்றைக் கையால் மடித்து ஏற்றி லிங்க்கை மாட்டுவது எரிச்சலான வேலை. லிங்க் கைதவறி டக்ட்டுக்குள் விழுந்து ஓடிவிடும். பையில் வேறு லிங்க் இருக்காது, மணி ஐந்தாகியிருக்கும். பாதி திறந்தபடி விட்டுப் போனால் கீழே ஓர் அறையில் காற்று குறைந்து மறுநாள் புகார் வரும், அதையாவது கண்டுபிடித்துவிடலாம். கம்பியால் கட்டிவிட்டுப் போனால் அடுத்த 4 வருடம் யாருக்கும் தெரியாது. அதனால் வேலைக்குக் கிளம்பும்போதே ஒவ்வொரு வகையிலும் உபரி லிங்க்குகள் பையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு டேம்பருக்கும் எடுக்கும் கடைசிப் படத்தில் தட்டுகள் முழுக்கத் திறந்து, லிங்க் அதன் இடத்தில் தொங்கி, அதில் பொறித்த டிகிரி எண் படிக்கும்படி தெரிய வேண்டும். அப்புறம் ஆக்சஸ் டோரை மூடி, அதன் வெளியே டேம்பர் எண்ணை ஒட்டி, அலாரம் பேனல்காரரிடம் முடிந்தது என்று சொல்லிவிட்டு ஏணியை நகர்த்தலாம்.